குற்றக்கூண்டில் அரசு!

தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா 2023 மார்ச்சுத் திங்களில் நம் நாகர்கோவிலில் நடந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் ஒரே மேடையில் வீற்றிருந்தனர். மார்பை மறைக்கும் உரிமைக்காக மங்கையர் நடத்திய போரை இரு மாநிலமும் சேர்ந்து போற்றின. மகிழ்ந்தோம், கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் ஓயாமல் ஒலிக்கிறது, தோழர்களே! சீலையை உடுத்தியவர் யார் என்று பாடம் சொல்கிறோம். சீலையைக் கிழித்தவர் சாதிச் செருக்கர் என்று சாடுகிறோம். சரி. கிழிப்பதும் முறைதான் என்று எண்ணுமளவுக்கு முத்திரையிட்டு ஆணை விடுத்தவர் யார்?

அரசு! ஆம், திருவிதாங்கூர் அரசு!

1822 இல் கல்குளம் வட்டாரத்தில் மேல்சீலை அணிந்த நாடார் குலப் பெண்டிர் தாக்கப்பட்டனர். சந்தையிலே, சாலையிலே அவர்தம் ஆடை பறிக்கப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றம் சென்றது. 1823 இல் தீர்ப்பு பெண்டிர் பக்கம் வந்தது. அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! 1829 பிப்ரவரியில் அரசின் அறிக்கை வெளிவந்தது: அப்பெண்டிர் மேல்சீலை அணிதல் முறையன்று, இனி அணியலாகாது என்று. நீதிமன்றம் கொடுத்ததை நிருவாகம் பறித்தது. அந்நாளில் நாட்டை ஆளும் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமோ? ராணி கௌரி பார்வதி பாய், ஒரு பெண்! பெண்ணொருத்தி ஆட்சிப் பீடத்தில் அமர்ந்துவிட்டால் பெண்ணினத்தின் பிணி தீர்ந்துவிடும் என்று நம்புவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க.

முப்பது ஆண்டு உருண்டது. 1858 இன் கடைசியில் மீண்டும் கலகம் மூண்டது. திவான் மாதவராவ் ஓர் அறிக்கை விடுத்தார். பெண்ணின் மானத்தைப் பறிப்போரை ஒடுக்குவேன் என்றா? இல்லை! பண்டை வழக்கத்தைத் தாமாகவே எவரும் மீறலாகாது, மாற்றம் வேண்டுவோர் அரசிடம் முறையிடுக என்றார். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே தராசில் நிறுத்தி, இருவரையும் 'அமைதி காக்க' என்று அறிவுறுத்தும் அந்த நடுநிலைமை! அதன் பொருளைக் காலிகள் நன்றாகவே புரிந்துகொண்டனர். அடுத்து வந்த வாரங்களில் தென் திருவிதாங்கூரில் வீடுகள் எரிந்தன. பெண்களின் ஆடைகள் கிழிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26 ஆம் நாள் அரசு இறங்கி வந்தது. அப்போதும் முழு மனத்தோடா? மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்டிர் அணிவதுபோல் அணியலாகாது என்று ஒரு வால் ஒட்டித்தான் வந்தது!

இதனை நான் நினைவூட்டுவது பழம்பகை கிளறவன்று. பெண்ணுக்கு எதிரான கொடுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'சமுதாயம் கெட்டுவிட்டது, மனிதமனம் மாசடைந்துவிட்டது' என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பிவிட்டு, ஆட்சியாளரை மட்டும் சாட்சிக் கூண்டில் நாற்காலி போட்டு அமரவைத்து, அனுதாபம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் இருக்க வேண்டிய கூண்டு அதுவன்று என்பதற்கு நம் ஊரின் வரலாறே சான்று.

"அது மன்னராட்சி! மனுவின் காலம்! 1956 நவம்பர் முதல் நாள் நாம் தமிழ்நாட்டோடு இணைந்தோம், நடப்பது மக்களாட்சி, இன்றுமா அரசு பெண்ணைத் தாக்குகிறது?" என்று கேட்பர் சிலர்.

வாச்சாத்தி என்றொரு சிற்றூர், தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992 ஜூன் 20 ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அங்கே புகுந்தனர். பழங்குடி மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். செய்தவர் கொள்ளையரல்லர், சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்! குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அந்நாளைய ஆட்சி, 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்றது. உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது. தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு எப்போது வந்தது? 2011 செப்டம்பர் 29 இல்! பத்தொன்பது ஆண்டுகள்! அதற்குள் குற்றம் சாட்டப்பட்டோரில் 54 பேர் செத்தே போயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டு நடந்தது. 2023 செப்டம்பர் 29 இல் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து இலட்சம் ரூபாய் தருமாறும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறும் கட்டளையிட்டது. பதினாறு வயதுச் சிறுமியாக அந்தக் கொடுமையைக் கண்டிருந்தால், அவள் பேரப்பிள்ளை எடுத்திருப்பாள், நீதி வந்து சேர்வதற்குள்!

ஒரு விந்தை சொல்கிறேன். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் அதே 1992 ஆம் ஆண்டில்தான். மகளிரைக் காக்கத் தலைநகரில் ஒரு நிலையம். மலையடிவாரத்தில் மகளிர்மீது பாய ஒரு படை. இரண்டுக்கும் சம்பளம் ஒரே கருவூலத்திலிருந்து. அப்போதும் முதலமைச்சர் ஒரு பெண்மணியே. ராணி கௌரி பார்வதி பாயைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சாரார் வருவர், சற்றே படித்தவர்கள். "ஊழியர் செய்த குற்றத்துக்கு அரசு பொறுப்பேற்கட்டும். ஆனால் குடித்துவிட்டு வந்து மனைவியை உதைக்கிறானே, அவனுக்குமா அரசு பொறுப்பு? ஒவ்வோர் அடுக்களையிலும் ஒரு காவலரை நிறுத்த முடியுமோ?" என்று கேட்டு, பெரிய தருக்கம் பேசிவிட்டதாகப் புன்னகையும் புரிவர்.

அடுக்களையில் காவலர் வேண்டாம். காவல் நிலையத்தில் காவலர் இருந்தால் போதும்!

துருக்கி நாட்டில் ஒருத்தி. கணவன் அவளையும் அவள் தாயையும் ஆண்டுக்கணக்கில் அடித்தான், மிரட்டினான். மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். மிரட்டலுக்கு அஞ்சி முறையீட்டைத் திரும்பப் பெற்றபோதெல்லாம், 'குடும்பச் சண்டை' என்று கோப்பை மூடினர் அதிகாரிகள். மனைவியைக் கத்தியால் குத்தினான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது அபராதம், அதுவும் தவணை முறையில் கட்டலாமாம்! 2002 இல் அந்தத் தாயைச் சுட்டே கொன்றான். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏறியது. 2009 இல் வந்த தீர்ப்பு என்ன? சுட்டவன் கணவனே, ஆயினும் காக்கத் தவறிய துருக்கி அரசும் பொறுப்பு என்பதே! ஆபத்து வருகிறது என்று அரசுக்குத் தெரியும், தடுக்கும் அதிகாரம் இருக்கிறது, தடுக்கவில்லை என்றால், அங்கே அரசின் கையும் இருக்கிறது. பெண்களுக்கெதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்க 1979 இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த உடன்படிக்கையின் குழுவும் 1992 இல் இதையே சொல்லிற்று. அந்த உடன்படிக்கையை 1993 இல் ஏற்று ஒப்பமிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒப்பமிட்ட கை, ஒப்பந்தத்தைப் படித்ததா என்பதுதான் ஐயம்!

நம் நிலை என்ன? 2019-21 இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில், நாடு முழுவதிலும், நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி கேட்கவுமில்லை, வாய்திறந்து சொல்லவுமில்லை. இந்த ஊமைத்தனத்தைப் பெண்ணின் பொறுமை என்று பூச்சூட்டிப் போற்றுகிறது பழமை. பகுத்தறிவாளர் அப்படிப் போற்ற முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், ஆதலால் சொல்லவில்லை. அவ்வளவே.

சொன்னால் என்ன நடக்கும்? பொள்ளாச்சியைப் பாருங்கள். 2019 இல் அங்கே ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பெயரை ஊருக்கெல்லாம் உரைத்தவர் யார்? தெருவோரத்துத் திண்ணைப் பேச்சாளரா? மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார்! அரசு வெளியிட்ட ஆணையிலும் அப்பெயர் அச்சாயிற்று! அதற்காகவே இருபத்தைந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. வழக்கில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் சிறை என்று தீர்ப்பு வந்தது 2025 மே 13 இல். நல்ல தீர்ப்பு, வாழ்த்துவோம். ஆனால் பெயரைச் சொன்ன வாய்க்கு என்ன தண்டனை?

'அது அந்தக் கட்சியின் ஆட்சி' என்று நம்மவர் சிலர் உடனே துள்ளுவர். பொறுங்கள்! 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருத்திக்குக் கொடுமை நேர்ந்தது. அவள் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு, வெளியே கசிந்தது. காவல்துறை சொன்ன விளக்கம், 'தொழில்நுட்பக் கோளாறு'! மீண்டும் உயர்நீதிமன்றம், மீண்டும் இருபத்தைந்து இலட்சம். ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, கோட்டையில் முகங்கள் மாறின. அலுவலகத்து அலட்சியத்துக்கு மட்டும் பதவிக்காலம் முடியவில்லை. நம்மவர் ஆட்சியைக் கண்டிக்க நா எழாதவன், அவர்கள் ஆட்சியைக் கண்டிக்கும் உரிமையையும் இழக்கிறான். அதே வழக்கில் ஒரு நன்மையும் நடந்தது. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உயர்நீதிமன்றம் அமைத்த மூன்று பெண் அதிகாரிகளின் குழு புலனாய்ந்தது. ஐந்தே திங்களில், 2025 மே 28 இல், குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. முப்பது ஆண்டுக்குக் குறையாத வாழ்நாள் சிறை! அப்படியானால், முடியும்! பத்தொன்பது ஆண்டு இழுக்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. தலைநகரிலே, தொலைக்காட்சிக் கருவிகளின் முன்னே முடிந்தது, தோவாளையிலும் தக்கலையிலும் ஏன் முடியாது?

சட்டம் போதவில்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தில்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு, 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில், சட்டப் பற்றாக்குறையைவிட ஆட்சியின் தவறுதலையே முதற்காரணமாகச் சுட்டிற்று. அதன் பின்னர் வந்த திருத்தத்தில், இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு திங்களுக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் என்று எழுதினார்கள். இன்றைய நியாயச் சட்டத்தின் 199 ஆம் பிரிவு அது. புகாரைக் கிழித்தெறிந்த, 'போய்ச் சமாதானமாகப் போம்மா' என்று திருப்பியனுப்பிய எத்தனை பேர் இப்பிரிவின்கீழ்ச் சிறை சென்றதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? விரலை மடக்கி எண்ணுங்கள், விரல் மிஞ்சும்.

வீட்டு வன்முறைச் சட்டம் 2005 இல் வந்தது. பெண் மனு கொடுத்தால் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும். உதவப் பாதுகாப்பு அலுவலர். ஏட்டில் தேன்! பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013 இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை செய்வோருக்கும், வீட்டு வேலை செய்வோருக்கும், முதலாளிமீதே புகார் சொல்ல விரும்புவோருக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு ஒன்று வேண்டும் என்கிறது அச்சட்டம். அமைப்பது மாவட்ட அலுவலரின் கடமை. பதினொரு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், நாட்டின் உச்சநீதிமன்றம் என்ன கட்டளையிட நேர்ந்தது தெரியுமா? 'எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட அலுவலரை டிசம்பர் 31 க்குள் நியமியுங்கள். உள்ளூர்க் குழுவை ஜனவரி 31 க்குள் அமையுங்கள்' என்று! சட்டம் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதாயிற்று. இன்னும் பல இடங்களில் பெயர் வைக்கவில்லை!

இதன் பொருளை நம் மாவட்டத்து மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். களியக்காவிளை தொடங்கிக் குலசேகரம்வரை முந்திரி ஆலைகள். 'அண்டியாபீஸ்' என்பார்கள் நம் மக்கள். அங்கே தோல் உரிப்பவரும் தரம் பிரிப்பவரும் பெரும்பாலும் பெண்களே. முந்திரிப் பாலில் விரல் கறுத்த அந்தத் தாய்மாரில் ஒருத்தியிடம், 'மேற்பார்வையாளன் கையைப் பிடித்தால் எங்கே சொல்வீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'யார்கிட்ட சொல்ல?' என்பதே மறுமொழியாக வரும். குழு இருக்கலாம், இருப்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாத குழு, அவளைப் பொறுத்தவரை, இல்லாத குழுவே.

இனி, என் தொழில் சார்ந்த ஒன்று. பள்ளிச் சுவரில் 1098 என்ற எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை. ஆசிரியராகிய எங்கள் கழுத்தில் அந்தக் கடமை தொங்குகிறது, தொங்கட்டும், தகும். சீருடையில்லாத பெண் அதிகாரியே குழந்தையிடம் வாக்குமூலம் பெற வேண்டும். வழக்கை நீதிமன்றம் ஏற்ற முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். கூடியவரை ஓராண்டில் வழக்கு முடிய வேண்டும். இவையும் அதே சட்டத்தில் உள்ளவைதாம். ஆசிரியன் தவறினால் சிறை. முப்பது நாள் முந்நூறு நாளானால் யாருக்குச் சிறை?

பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுத்தான் என்று எட்டாம் வகுப்புச் சிறுமி வீட்டில் சொல்கிறாள். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வருவதில்லை. அவன் மட்டும் அதே பேருந்தில், அதே படிக்கட்டில்! குற்றம் செய்தவனுக்குப் பயணச் சீட்டு. குற்றத்துக்கு ஆளானவளுக்கு வீட்டுச் சிறை. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஏழைகள், அரசு காக்காது என்பதைத் தம் பட்டறிவால் அறிந்தவர்கள். 'பெண்பிள்ளையை அடக்கி வளர்க்க வேண்டும், கைப்பேசியைப் பிடுங்க வேண்டும், இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும்' என்று மேடை போட்டு முழங்கும் புண்ணியவான்களைத்தான் கேட்கிறேன்: பாஞ்சாலியை இழுத்து வந்த இடம் இருட்டுச் சந்தா? அரசவை ஐயா, அரசவை! பட்டப்பகல்! மன்னன் இருந்தான், மதகுரு இருந்தார், வில்வித்தை கற்பித்த ஆசிரியர் இருந்தார், பாட்டன் இருந்தார். எல்லாரும் தலை கவிழ்ந்தனர். வானத்திலிருந்து சீலை வந்ததாகக் கதை கட்டி, வாளாவிருந்த அவையின் குற்றத்தை மறைத்தது புராணம். 1859 இல் நம் ஊர்ப் பெண்டிருக்கு வானத்திலிருந்து ஒரு முழத் துணியும் வரவில்லை. போராடிப் பெற்றார்கள்.

நம் நாகர்கோவிலிலேயே, 2020 இல், சமூக ஊடகத்தின் வழியே பல பெண்களை ஏமாற்றிப் படமெடுத்து மிரட்டி வாழ்ந்த ஒருவன் பிடிபட்டான். வெளியூர்ப் பெண் ஒருவர் துணிந்து புகார் கொடுத்த பிறகே, ஒன்றன்பின் ஒன்றாகப் புகார்கள் வந்தன. 2023 ஜூனில் நம் ஊர் மகளிர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. அந்த முதற்பெண் வருமுன் வாய்மூடிக் கிடந்தவர்களை நினையுங்கள். காவல் நிலையத்து வாசற்படியைவிட அந்தக் கயவனின் மிரட்டலே தாங்கத்தக்கது என்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை ஊட்டியது எது?

தன் அரசில் தவறிழைக்கப்பட்டது என்று தெரிந்த நொடியில் உயிர்விட்ட பாண்டியனைச் சிலம்பிலே படிக்கிறோம், மாணவர்க்கு நடத்துகிறோம், மதிப்பெண்ணும் இடுகிறோம். நம் அதிகாரிகள் உயிர்விட வேண்டா! நமக்கு அவ்வளவு கொடிய ஆசை இல்லை. இடமாற்றம் என்ற பெயரால் அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டு, சட்டம் அவர்களுக்கென்று எழுதிவைத்த தண்டனையை அவர்களுக்கே கொடுத்தால் போதும்.

இளைஞர் மன்றத் தோழர்கள் செய்யத்தக்க ஒரு வேலை இருக்கிறது. ஊர்வலத்தைவிட எளியது, ஊர்வலத்தைவிட உறைப்பது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. வெள்ளைத்தாள் ஒன்று, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கன்னியாகுமரி மாவட்ட உள்ளூர்க் குழுவின் தலைவர் யார்? உறுப்பினர் யார் யார்? சென்ற மூன்று ஆண்டில் எத்தனை முறை கூடினர்? எத்தனை புகார் பெற்றனர், அவற்றுள் முந்திரி ஆலைகளிலிருந்து வந்தவை எத்தனை? வீட்டு வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் எத்தனை பேர். அவர்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் எத்தனை. அறுபது நாளில் முடிந்தவை எத்தனை? காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தனியே ஒரு மனு: புகாரைப் பதிய மறுத்ததற்காக இம்மாவட்டத்தில் வழக்குக்கு ஆளான காவலர் எத்தனை பேர்?

முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. வரும் விடைகளை வட்டம் வாரியாகத் தொகுத்து, கோட்டாற்றுச் சந்தையிலும் வடசேரிப் பேருந்து நிலையத்திலும் துண்டறிக்கையாகக் கொடுப்போம். என் மனுவை நேற்றே அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.